முதலெழுத்து யாரையும் உயர்த்தியதில்லை

காமராஜர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் கே, கே. சத்தியமூர்த்தி எஸ், எஸ். ஜெயலலிதா ஜே, ஜே. கடல் கடந்து போனால் சார்லி சாப்ளின், மர்லின் மன்றோ, ரொனால்ட் ரீகன். இந்தப் பட்டியலை ஒப்பித்துவிட்டு, "இன்ஷியலும் பேரோட முதலெழுத்தும் ஒண்ணா அமைஞ்சவங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்க பாருங்க" என்று முடிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பெயர் ராசி பார்ப்பவர் சொல்கிறார். காலை நேரத் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். பிள்ளைக்குப் பெயர் தேடும் வீட்டில் படித்த சித்தப்பா சொல்கிறார். பட்டியலில் உள்ளவர்கள் உண்மையிலேயே பெரியவர்கள் என்பதால், கடைசியில் சொல்லும் முடிவும் உண்மையாகத்தான் இருக்கும் என்று கேட்பவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள்.

அந்த முடிவு பொய். பொய் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதாது, எங்கே பிசகுகிறது என்று முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஏனென்றால் இந்த நம்பிக்கைக்குப் பணம் அழுகிறவர்கள் பெரும்பாலும் விருத்தாசலம் போன்ற ஊர்களில் தினக்கூலிக்குப் போகிறவர்கள்.

முதலில் கணக்கு. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் நம் பெயர்களில் சமமாகப் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 26 பேரில் ஒருவருக்கு இன்ஷியலும் பெயரின் முதலெழுத்தும் தற்செயலாகவே ஒன்றாக அமைந்துவிடும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். 26-ஆல் வகுத்தால் சுமார் 28 லட்சம் பேர். உண்மையில் எழுத்துகள் சமமாகப் பரவவில்லை. வாக்காளர் பட்டியலில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் எஸ், கே, ஆர், எம், பி, வி என்ற ஆறேழு எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும். க்யூ, எக்ஸ், இசட்டில் தொடங்கும் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்படிச் சில எழுத்துகளிலேயே பெயர்கள் குவியும்போது, ஒரே எழுத்து அமைகிறவர்களின் எண்ணிக்கை 28 லட்சத்தையும் தாண்டிப் போகும். அவர்கள் எல்லாம் எங்கே? வயலில், பேருந்தில், பீங்கான் பட்டறையில், ரேஷன் கடை வரிசையில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் பட்டியல் போடுவதில்லை. காமராஜரை எழுதிக்கொண்டு, அதே கே, கே எழுத்தோடு காலமெல்லாம் மூட்டை சுமந்த கந்தசாமிகளை விட்டுவிட்டால் எந்த எழுத்தும் ராசியான எழுத்தாகத்தான் தெரியும்.

தமிழில் இன்னொரு காரணமும் உண்டு. சொல்லுக்கு முதலில் எந்த எழுத்தும் வந்துவிட முடியாது. உயிர் பன்னிரண்டோடு க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற பத்து மெய்வரிசைதான் முதலில் வரும் என்று நன்னூல் வரையறுக்கிறது. அதிலும் ங, ஞ, ய வரிசைகளில் தொடங்கும் ஆள்பெயர்கள் குறைவு. வடமொழி வழி வந்த ர, ல, ஜ பெயர்களைச் சேர்த்தாலும் கூடை சிறியதுதான். இந்தச் சின்னக் கூடைக்குள்ளிருந்து அப்பாவுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு ஒரு பெயர் எடுத்தால் அடிக்கடி ஒரே வரிசை அமையாமல் என்ன செய்யும்? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது, குலதெய்வத்தின் பெயரையே தலைமுறைதோறும் வைப்பது, பிறந்த நட்சத்திரத்துக்குரிய எழுத்தில் வைப்பது என்ற வழக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. நம் நாட்டில் ஒரே முதலெழுத்து என்பது அபூர்வமே இல்லை. அபூர்வமில்லாத ஒன்றை அபூர்வ மனிதர்களுக்குக் காரணமாக்குவதில்தான் இந்த வாதம் முதலில் சறுக்குகிறது.

அமெரிக்க அதிபர்களையும் இழுப்பதால் அதையும் பார்த்துவிடலாம். இதுவரை அதிபர் பதவியில் இருந்த 45 பேரில் ஒரே முதலெழுத்து அமைந்தவர்கள் நால்வர்: உட்ரோ வில்சன், கால்வின் கூலிட்ஜ், ஹெர்பர்ட் ஹூவர், ரொனால்ட் ரீகன். மற்ற 41 பேர் எழுத்துப் பொருத்தம் இல்லாமலேதான் வெள்ளை மாளிகைக்குப் போனார்கள். அந்த நால்வரிலும் வில்சனின் முழுப்பெயர் தாமஸ் உட்ரோ வில்சன்; கூலிட்ஜின் முழுப்பெயர் ஜான் கால்வின் கூலிட்ஜ். இருவரும் முதற்பெயரை விட்டுவிட்டு நடுப்பெயரைப் புழங்கியதால் வந்த பொருத்தம் அது. எச், எச் என்று பிறவியிலேயே பொருத்தம் வாய்ந்த ஹூவர் காலத்தில்தான் 1929-இன் பெருமந்தம் வந்தது. 1932 தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். எஃப், ஆர்.

அடுத்த கேள்வி, எந்த மொழியின் எழுத்து? இதற்குப் பெயர் ராசிக்காரர்களிடம் பதில் இல்லை. சி. சுப்பிரமணிய பாரதி என்று தமிழில் எழுதினால் சி, சு இரண்டும் ச வரிசை. ஆங்கிலத்தில் எழுதினால் சி, எஸ் என்று பிரிந்துவிடும். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983-இல் இயற்பியல் நோபல் பெற்றார். தமிழில் பார்த்தால் பொருத்தம் உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. அவருடைய சித்தப்பா சர் சி.வி. ராமன் 1930-இல் பெற்றார். நம் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் வேதியியல் நோபல் பெற்றார். இவர்கள் இருவருக்கும் எந்த மொழியிலும் எழுத்து ஒட்டாது. மறுபுறம் காமராஜர் பெயரைத் தமிழில் எழுதினால் கு. காமராஜர். கு வேறு எழுத்து, கா வேறு எழுத்து என்றும் சொல்லலாம், ஒரே க வரிசை என்றும் சொல்லலாம். எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது விதியாக இருக்க முடியாது.

நம் பக்கத்திலேயே கைகாட்டலாம். விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்தவர் எழுத்தாளர் கண்மணி குணசேகரன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். 'அஞ்சலை' நாவலை எழுதினார். நடுநாட்டு மக்கள் வாயில் புழங்கும் சொற்களைத் தேடித் தொகுத்து ஒரு சொல்லகராதியே கொண்டுவந்தார். தமிழில் க, கு பொருந்துகிறது. ஆங்கிலத்தில் கே, ஜி என்று நிற்கிறது. குணசேகரன் என்பதையே கே போட்டு எழுதியிருந்தால் பொருந்தியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் அகராதியில் ஒரு சொல் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? அதே வட்டாரத்தில் வாழ்கிற இமையம், இன்ஷியலே இல்லாத ஒற்றைப் பெயரில் 'கோவேறு கழுதைகள்' முதல் எழுதிவருகிறார். 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ஒட்டுவதற்கு அங்கே இரண்டாவது எழுத்தே கிடையாது.

ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவாரத்தில் முதுகுன்றம். கோயிலில் பழமலைநாதர். வடமொழியில் விருத்தகிரி, விருத்தாசலம். ஆங்கிலத்தில் டி ஒன்று, இரண்டு, எச் சேர்த்து, சேர்க்காமல் என்று பலகைக்குப் பலகை வேறு வேறு எழுத்துக்கூட்டல். எழுத்துக்கு வலிமை உண்டென்றால் ரயில் நிலையத்துக்கு ஒரு தலைவிதி, கடைவீதிக்கு வேறு தலைவிதி இருக்க வேண்டும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. ஆயிரம் ஊர்களின் எழுத்துகள் ஒரே நாளில் மாறி, மறுபடி பழையபடி ஆயின. எந்த ஊரிலும் கிணறு ஊறவும் இல்லை, வற்றவும் இல்லை.

நியூமராலஜியின் உள்கணக்கும் இந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. கீரோ என்ற பெயரில் எழுதிய அயர்லாந்துக்காரர் வில்லியம் ஜான் வார்னர் பரப்பிய முறைதான் இங்கே பெரும்பாலும் புழங்குகிறது. அதில் பி, கே, ஆர் மூன்றுக்கும் எண் 2. சி, ஜி, எல், எஸ் நான்குக்கும் எண் 3. அதாவது அவர்கள் கணக்குப்படியே கே, ஆர் என்று அமைந்தாலும் கே, கே என்று அமைந்தாலும் ஒன்றுதான். ஒரே எழுத்துக்குத் தனிச் சக்தி என்பது அந்தச் சாத்திரத்திலேயே இல்லாத சரக்கு.

இனி காமராஜர். இந்தப் பட்டியலில் அவர் பெயரைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் கொதிக்கிறது. 1903-இல் விருதுபட்டியில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு முதலில் வைத்த பெயர் காமாட்சி, குலதெய்வத்தின் பெயர். அம்மா ராஜா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அது காமராஜா ஆயிற்று. ராசி பார்த்து யாரும் எழுத்தை இணைக்கவில்லை. இன்ஷியல் தந்த அப்பா குமாரசாமி, பிள்ளைக்கு ஆறு வயதாகும்போதே இறந்துபோனார். எழுத்து மட்டும் தங்கியது, வீட்டில் வருமானம் தங்கவில்லை. பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது, மாமாவின் கடையில் வேலைக்கு நின்றார். பிறகு காங்கிரஸ், போராட்டம், சிறை. வெள்ளையர் ஆட்சியில் ஒன்பது ஆண்டுக்குக் கிட்டச் சிறையில் கழித்தவர். 1954 ஏப்ரல் முதல் 1963 அக்டோபர் வரை முதலமைச்சராக இருந்து, ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்து, பசித்த பிள்ளைக்கு மதியச் சோறு போட்டார். படிப்பு நின்றுபோன ஒருவர், அடுத்தவர் பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது என்று செய்த வேலை அது. அதை கே என்ற எழுத்தின் கணக்கில் வரவு வைப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் அமைந்தபோது முதலமைச்சர் அவர்தான். நிலக்கரியை எடுக்கத் தோண்டியபோது கிடைத்த வெள்ளைக் களிமண்தான் நம் ஊர்ப் பீங்கான் தொழிலுக்குத் தாய்மண். பொம்மையும் ஜாடியும் அகல் விளக்கும் மின்சாரப் பியூஸ் கட்டைகளும் அந்த மண்ணில் பிறந்தன. தொழிற்பேட்டை எழுந்தது, செராமிக் படிப்புக்கென்று அரசுக் கல்வி நிலையம் வந்தது. இத்தனை குடும்பங்கள் சோறு தின்னும் இந்த வரலாற்றில் இன்ஷியலுக்கு எந்த இடமும் இல்லை.

அதே கே, கே 1967-இல் விருதுநகரில் என்ன ஆயிற்று? 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் காமராஜர் தோற்றார். வென்றவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். பி, எஸ். எழுத்தே பொருந்தாதவர். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் அந்தத் தேர்தலை முடிவு செய்தன என்று அரசியல் தெரிந்த எவரும் சொல்வார். வென்றதற்கு எழுத்து காரணம், தோற்றதற்கு மட்டும் அரிசி காரணம் என்று வைத்துக்கொள்ள முடியாது.

இந்த ஊரின் புராணத்திலேயே ஒரு கதை உண்டு. முதுகுன்றத்து இறைவன் தந்த பன்னிரண்டாயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டார், பின்னர் திருவாரூர்க் குளத்தில் இறங்கி எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடியது அடியவருக்கும் ஆண்டவனுக்கும் இடையில் நடந்த காரியம். நமக்கு அப்படி நடக்காது. காமராஜரின் பெருமையை அவர் போட்ட இடத்தில், பள்ளிக்கூடத்தில்தான் தேட வேண்டும்.

ஜெயலலிதாவின் கதையும் வேறில்லை. ஜே, ஜே என்ற எழுத்து 1991-இல் அவரை முதலமைச்சர் ஆக்கியது என்றால், 1996-இல் பர்கூரில் தோற்கடித்ததும் அதே எழுத்துதான். 2001-இல் அவர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசியாக இன்னொரு ஏ சேர்ந்தது. அந்த ஆண்டு மே மாதம் ஆட்சிக்கு வந்தார். செப்டம்பர் 21 அன்று அவர் பதவியேற்றது செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துப் பதவி போயிற்று. 2014-இல் சிறைக்குப் போனபோதும் அந்தக் கூடுதல் ஏ பெயரோடுதான் இருந்தது. அவரை விரும்பியவர்கள் அவருடைய துணிச்சலையும் திட்டங்களையும் சொல்வார்கள், எதிர்த்தவர்கள் வழக்குகளைச் சொல்வார்கள். எதுவானாலும் அவர் செய்தவற்றைப் பற்றிய பேச்சு அது.

ஒரே எழுத்து ஆளோடு மட்டுமல்ல, ஊரோடு பொருந்தினாலும் யோகம் என்று நீட்டுகிறவர்களுக்கு விருத்தாசலத்தையும் விஜயகாந்தையும் சேர்த்துச் சொல்ல ஆசை வரலாம். 2006-இல் தே.மு.தி.க. வென்ற ஒரே தொகுதி இது, வென்றவர் அவர். வி, வி. ஆனால் அவர் கட்சி 29 இடங்களைப் பிடித்து, அவர் எதிர்க்கட்சித் தலைவர் ஆனது 2011-இல். அப்போது அவர் நின்று வென்ற தொகுதி ரிஷிவந்தியம்.

எழுத்தாளர் புதுமைப்பித்தனிடம் வருவோம். அவருடைய இயற்பெயர் விருத்தாசலம். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். அப்பா சொக்கலிங்கம் பிள்ளை, ஆகவே சொ. விருத்தாசலம். சொ.வி. என்றும் எழுதியிருக்கிறார். இந்தப் பெயரில் பொருத்தம் இல்லை. புதுமை, பித்தன் என்று பிரித்தால் பு, பி என்று ஒரே வரிசை வந்துவிடுகிறது. "பார்த்தீர்களா, பெயரை மாற்றினார், புகழ் வந்தது" என்று யாராவது சொல்லக்கூடும். சொல்வதற்கு முன் அந்த வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 1934-இல் மணிக்கொடி இதழில் எழுதத் தொடங்கினார். பத்திரிகை வேலை, குறைந்த சம்பளம், ஓயாத கடன். கடைசியில் சினிமாவை நம்பி, 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனேவுக்குப் போன இடத்தில் காசநோய் முற்றியது. 1948-இல் திருவனந்தபுரத்தில், 42 வயதில் செத்துப்போனார். பு, பி என்ற பொருத்தத்துக்குப் பலன் இதுதான் என்றால் எந்தப் பெற்றோர் அதைத் தன் பிள்ளைக்குக் கேட்பார்கள்?

அவர் பெயர் இன்று நிற்கிறது என்றால் 'சாப விமோசன'மும் 'கயிற்றரவு'ம் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' நிற்கின்றன என்பதால். அவர் ஒரே பெயரோடும் இருக்கவில்லை. ரசமட்டம் என்று எழுதினார். வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரில் கவிதை எழுதினார். எந்தப் பெயரில் எழுதினாலும் அந்தப் பேனாவின் கூர்மை ஒன்றாகவே இருந்தது. இதே ஊர்க் கடவுளின் பெயரைத் தமிழில் தாங்கி வந்த இன்னொருவர் கவிஞர் பழமலய். 'சனங்களின் கதை' இந்த மண்ணின் எளிய மனிதர்களைக் கவிதைக்குள் கொண்டுவந்தது. இருவர் பெயருக்கும் பொருள் ஒன்றே. எழுத்து வேறு, காலம் வேறு, எழுதிய விதமும் முற்றிலும் வேறு.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஓரளவு வலு உள்ளது ஒன்றே ஒன்று. ஒரே எழுத்து காதுக்கு இனிமை, நினைவில் தங்கும், அதனால் புகழ் எளிதில் வரும் என்பது. மோனையில் ஊறிய தமிழ்க் காதுக்கு இதன் முதல் பாதி புதிதல்ல. பழமொழி முதல் விளம்பர வாசகம் வரை நாம் மோனையைப் பிடித்துத்தான் நினைவில் வைக்கிறோம். அமெரிக்கச் சித்திரக்கதை ஆசிரியர் ஸ்டான் லீ, பீட்டர் பார்க்கர், புரூஸ் பேனர், ரீட் ரிச்சர்ட்ஸ் என்று தன் பாத்திரங்களுக்கு ஒரே எழுத்தில் பெயர் வைத்தது தனக்குப் பெயர்கள் மறந்துபோகும் என்பதால்தான். அப்படி வைத்தும் புரூஸ் பேனரை ஒரு கதையில் பாப் பேனர் என்று எழுதிவிட்டார்! மிக்கி மவுஸும் டொனால்ட் டக்கும் அந்த வகை. இவை எல்லாம் ஆள் இல்லாத பெயர்கள், விற்பதற்கென்றே கட்டப்பட்டவை. நார்மா ஜீன் என்ற பெண்ணை 1946-இல் ஹாலிவுட் ஸ்டுடியோ மர்லின் மன்றோ ஆக்கியதும் விற்பனைக்குத்தான். ஆக, அந்தப் பட்டியலின் ஒரு பகுதியில் காரணமும் விளைவும் தலைகீழாகக் கிடக்கின்றன. புகழுக்குக் கொண்டுபோகத் தீர்மானித்த பிறகு வைத்த பெயரை, புகழுக்கே காரணம் என்கிறார்கள். அதே 1940-களில் ஸ்டுடியோக்கள் கவர்ச்சியான பெயர் சூட்டி இறக்கிவிட்டு, ஒரு படத்தோடு காணாமல் போன பெண்கள் எத்தனையோ பேர். ஓசை நயம் ஓசைக்கு உதவும். அதற்கு மேல் அதனிடம் எதுவும் எதிர்பார்க்க முடியாது.

அறிவியல் நிரூபித்துவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் காட்டும் ஆய்வு எது என்று எனக்குத் தெரியும். 1999-இல் கலிபோர்னியாவின் இறப்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, மூன்று இன்ஷியல்களும் சேர்ந்து நல்ல சொல்லாக அமைந்த ஆண்கள் நான்கு ஆண்டுக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள், கெட்ட சொல்லாக அமைந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 2005-இல் கேரி ஸ்மித்தும் ஸ்டிலியன் மாரிசனும் அந்தப் பதிவுகளையே பிறந்த ஆண்டு வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். விளைவு மறைந்துபோயிற்று. முதல் ஆய்வு, இறந்த ஆண்டை வைத்துக் கூட்டியிருந்தது. அதில் என்ன தப்பு என்று நம் பெயர்களை வைத்தே பார்க்கலாம். போன ஆண்டு இறந்தவர்களில் முனுசாமிகளின் சராசரி வயதையும் ஹரிஷ்களின் சராசரி வயதையும் கணக்கிட்டால், ஹரிஷ்கள் மிக இளவயதில் செத்ததாகத் தெரியும். ஹ என்ற எழுத்து கொன்றுவிட்டதா? எண்பது வயது ஹரிஷ் இந்த ஊரில் இல்லவே இல்லை என்பதுதான் காரணம். பெயருக்கு ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தைக் கவனிக்காமல் எழுத்தை மட்டும் பார்த்தால் எதையும் நிரூபிக்கலாம்.

பெயரின் எழுத்து தொழிலையும் தீர்மானிக்கிறது, டென்னிஸ் என்ற பெயருள்ளவர்கள் டென்டிஸ்ட் ஆகிறார்கள் என்று 2002-இல் வந்த ஆய்வுக்கும் இதே கதிதான். டென்னிஸ்கள் பல் மருத்துவர்களில் மட்டுமல்ல, வழக்கறிஞர்களிலும் அதிகமாக இருப்பதை 2011-இல் யூரி சைமன்சோன் எடுத்துக்காட்டினார். அந்தப் பெயர் புழங்கிய தலைமுறை அப்போது வேலை பார்க்கும் வயதில் இருந்தது, அவ்வளவுதான்.

"சரி, நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். நஷ்டத்தை நான் நேரில் பார்த்தேன். தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைப் பட்டறை. பிளாஸ்டர் அச்சுக்குள் கூழ்போல் கரைத்த களிமண்ணை ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிச் சுவர் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து, இறுகியபின் பொம்மையை வெளியே எடுக்கிறார்கள். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய வரப்புபோல் மண் நிற்கும். அதைக் கத்தியால் வழித்து, ஈரப் பஞ்சால் துடைத்துச் சமன் செய்யும் வேலையில் ஓர் அம்மா இருந்தார். கை ஓயாமல் பொம்மையைத் திருப்பிக்கொண்டே பேசினார்.

"எம் பொண்ணு பேரு எஸ்சுல ஆரம்பிக்குதுங்க. அவங்கப்பா பேரு எம்மு. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் படிப்பு ஏறும்னு பேரு ராசி பாக்கறவரு சொன்னாரு. காசு குடுத்து எம்முல பேரு மாத்துனோம். இப்ப ஆதார்ல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல ஒரு பேரு. உதவித்தொகை வரமாட்டேங்குது. நாளும் பொழுதும் லீவு போட்டுட்டு இ-சேவைக்கு அலையறேன்."

பொம்மைக்கு இத்தனை என்று எண்ணிக் கூலி வாங்குகிறவருக்கு லீவு என்றால் அன்றைக்கு அடுப்பு எரிவது சிரமம். எரிபொருள் விலை, வெளியிலிருந்து மலிவாக வந்து இறங்கும் பொம்மைகள் என்று தொழிலே மூச்சுத் திணறும்போது, அந்தக் கூலியிலிருந்து ஒருவர் எழுத்துக்கு வரி வசூலித்துக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டேன். "அவ எப்பவும் மொத மூணு ரேங்குக்குள்ளதாங்க" என்றார். பெயர் மாற்றுவதற்கு முன்பும் அப்படித்தான்.

பெண்களைப் பற்றி இந்த நம்பிக்கை யோசித்ததே இல்லை. கல்யாணம் ஆனதும் அப்பா இன்ஷியல் போய் கணவர் இன்ஷியல் வருவது நம்மிடையே இன்னும் பரவலான வழக்கம். முதலெழுத்துதான் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்றால், தாலி ஏறும் நேரத்தில் ஒரு பெண்ணின் அறிவும் திறமையும் இடம் மாற வேண்டும். அப்படி மாறுவதாக எந்த மாப்பிள்ளை வீடும் சொல்வதில்லை. அம்மா பெயரை இன்ஷியலாகப் போடும் பிள்ளைகளை இந்தக் கணக்கு எங்கே வைக்கும் என்பதற்கும் விடை கிடையாது. மேற்கத்தியக் குடும்பப்பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவது. நம் இன்ஷியல் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுவது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சாப்ளினையும் சத்தியமூர்த்தியையும் ஒரே பட்டியலில் அடைப்பதே அறியாமை.

நாம் இந்த இன்ஷியல் வழக்கத்துக்கு எப்படி வந்தோம் என்பதையும் மறந்துவிட்டோம். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. வாலைப் போல் ஒட்டியிருந்த பட்டத்தை அறுத்து எறிந்துவிட்டு, அப்பா பெயரின் எழுத்தோடும் தன் பெயரோடும் மட்டும் நிற்கத் தமிழர்கள் பழகினார்கள். பிறப்பை வைத்து மனிதனை எடைபோடாதே என்பது அதன் அர்த்தம். அந்த எழுத்தையே திரும்பவும் தலையெழுத்து ஆக்குவது, விட்டொழித்த விலங்கை வேறு பெயரில் மாட்டிக்கொள்வது.

விருத்தாசலத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிள்ளைக்குப் பெயர் வைக்கப்போகிற அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்களுக்குப் பிடித்த பெயரை வையுங்கள். பிறந்து 12 மாதத்துக்குள் பிறப்புப் பதிவில் அந்தப் பெயரைச் சேர்த்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பிறப்புச் சான்றிதழில் என்ன எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே ஆதாரிலும் பள்ளிச் சேர்க்கையிலும் வங்கிக் கணக்கிலும் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். ஏற்கெனவே வைத்த பெயரை மாற்றச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்குங்கள்.